மூன்றரை வோல்ட் செல்லக்கனி

முக்கூட்டுப்புதூரில் இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் கருகிப்போய், புதுசு கப்பலில் வருகிறது, அந்தக் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த ஐப்பசியில்தான், உச்சிமாகாளியின் வேனில் பெட்ரோல் இறைக்கிற பம்புக்குப் போகவேண்டிய கரண்டில் மூன்றரை வோல்ட் பாதி வழியிலேயே இறங்கி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் பெண்டாட்டி செல்லக்கனியின் உடம்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை முதலில் கண்டுபிடித்தது ஒரு டார்ச் பல்புதான். செல்லக்கனி பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது பளிச்சென்று எரிந்தது. "ஆங், இது நல்ல பல்புதான்" என்று சொல்லி டார்ச்சுக்குள் போட்டு மூடிவிட்டு, அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த ரசத்தை இறக்கப் போய்விட்டாள். பல்பு டார்ச்சுக்குள் போவதற்கு முன்னாலேயே, வெறும் விரலில் எரிந்தது என்பது சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ரசம் நன்றாக வந்திருந்ததால் அதைப் பெரிதுபண்ணிக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பெரிதாக இருந்தது வேறு. உச்சிமாகாளி அந்த வேனை நாசரேத் பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கி வந்தபோது, முன்கண்ணாடியின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'மரகதம்' என்று எழுதியிருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் பேரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் பிள்ளை பேரோ சாமி பேரோ எழுதிக்கொள்வதுதான் வழக்கம். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாமியோ ஊர்ப்பட்டது இருந்தது. ஆனாலும் உச்சிமாகாளி பேரில் கை வைக்கவில்லை. கேட்டால், "ராசி போயிரும் புள்ள" என்றான். அதோடு விட்டானா? வேன் ஸ்டாண்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் வண்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட, அவனும் பேர் சொல்லியே பேச ஆரம்பித்தான். "மரகதத்தைக் குளிப்பாட்டிட்டு வாரேன்." "மரகதம் இன்னைக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா." தலைக்குப் போடுகிற ஷாம்புவைக் கிழித்து ஊற்றி அதைக் கழுவினான், தன் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தான், பிறகு அதே துண்டோடு வந்து செல்லக்கனியின் பக்கத்தில் படுத்தான். சந்தையில் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கினால் ஒன்றரை முழம் வண்டியின் கண்ணாடிக்குப் போயிற்று, அரை முழம் வீட்டுக்கு வந்தது. பார்த்தே இராத ஒரு மரகதத்துக்கு மூக்கும் முழியும் இடுப்பும் வைத்து செல்லக்கனி மனசுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடித்திருந்தாள். செய்து முடித்த பிறகு அவள் இவளைவிட அழகாக இருந்தாள். அதுதான் தாங்கவில்லை.

வேன் திக்க ஆரம்பித்தது பல்பு எரிந்த அந்த வாரத்தில்தான். சாவியைத் திருப்பினால் உறுமும். ஏற்றத்தில் ஏறும்போது விக்கும், நின்றுவிடும். தினமும் காலையில் எட்டு டீச்சர்மார்களை மலையடிவாரப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி அது. வழியில் ஒரு பாலம் இருந்தது. பாலம் என்றால் ஏற்றம். ஏற்றத்தில் எட்டுப் பேரும் இறங்கித் தள்ளினார்கள். கணக்கு டீச்சர் மட்டும் தள்ளாமல் நின்று, "இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கிடுவோம்" என்றாள்.

உச்சிமாகாளி வண்டியை பைபாஸ் முக்கில் இருந்த ஞானதிரவியத்திடம் விட்டான். ஞானதிரவியம் வண்டிக் கரண்டு வேலை பார்க்கிறவர்; தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி போட்டிருப்பார், இரண்டையும் ஒரே நேரத்தில். பேட்டரியில் மீட்டரை வைத்தார்: பன்னிரண்டு புள்ளி ஆறு. ஃபியூஸில் வைத்தார், ரிலேயில் வைத்தார், அங்கெல்லாம் குறைவில்லை. பின்சீட்டைத் தூக்கி, டாங்கிக்குள் இருக்கும் பம்புக்குப் போகிற சாக்கெட்டைப் பிடுங்கி அதற்குள் வைத்தார். அதே பன்னிரண்டு புள்ளி ஆறு. திரும்ப மாட்டி, பம்பை ஓடவிட்டு, ஓடுகிறபோதே வைத்தார். ஒன்பது புள்ளி ஒன்று.

"சும்மா இருக்கையில பன்னெண்டரை, வேலைன்னு சொன்னா ஒம்பது" என்றார் ஞானதிரவியம். "எங்க மூத்த பய மாதிரியே இருக்கு."

"எர்த்து சரியில்லையோ அண்ணாச்சி?"

"அதத்தான் பாக்கணும். போற கரண்டு சோலிய முடிச்சிட்டுத் திரும்பி வரணும்லா. அது காலை ஊணி நிக்கதுக்கு ஒரு எடம் வேணும். அதுக்குப் பேருதான் எர்த்து. அது இல்லைன்னா வழியில எங்கயாவது எறங்கிக்கிடும்."

எர்த்து ஒயரைப் புதிதாகப் போட்டார். ஒன்பது புள்ளி ஒன்று. பேட்டரியிலிருந்து பம்புக்கு நேராக ஒரு தடித்த ஒயரை இழுத்தார். ஒன்பது புள்ளி ஒன்று. இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உச்சிமாகாளி, இது ஒயர் தின்னுத கரண்டு இல்ல. வேற ஆரோ குடிக்காவ" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த செல்லக்கனி, வண்டியின் நெற்றியில் இருந்த பேரைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். மீட்டர் ஒன்பதிலிருந்து எட்டே முக்காலுக்கு இறங்கியது.

ஞானதிரவியம் பம்பிலிருந்து எடுத்த மீட்டரின் சிவப்பு முனையை அவள் வளையலிலும், "காலைக் கொஞ்சம் நீட்டு தாயி" என்று கறுப்பு முனையை அவள் மெட்டியிலும் வைத்தார். மூன்று புள்ளி ஒன்பது. பேரைப் பார்க்காமல் திரும்பி நிற்கச் சொன்னார். மூன்றரை.

"கெடச்சிட்டு" என்றார்.

உச்சிமாகாளி சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே, "அதானே பாத்தேன், நேத்து கைபட்டப்ப சுருக்குன்னுச்சி" என்றான்.

எப்படி, ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கரண்டு இல்லாத ஊரில் கரண்டு வந்தால் அது எந்த வழியாக வந்தது என்று யார் கேட்பார்கள்? மூன்றரை வோல்ட் செல்லக்கனியிடம் இருக்கிறது என்கிற சேதி தெருவில் பரவி, மறுநாள் காலையில் அடுத்த வீட்டுச் சொர்ணத்தாய் ஒரு செல்போனையும் ஒரு முழம் ஒயரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒயரை வளையலில் சுற்றினாள். போன் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. சொர்ணத்தாய் ஞானதிரவியத்திடம் ஓடினாள்.

"போனு ஏறணும்னா அஞ்சு வோல்ட்டு வேணும்" என்றார் அவர். "அவகிட்ட மூணரைதான் இருக்கு."

"இன்னும் ஒண்ணரைக்கு என்ன செய்ய அண்ணாச்சி?"

"அந்த வண்டி பேரைச் சொன்னா ஏறுது. வேற எனக்குத் தெரியாது."

அவ்வளவு போதும் சொர்ணத்தாய்க்கு. அன்றைக்கு மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த செல்லக்கனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உச்சுக்கொட்டினாள்.

"ஏளா, நான் சொல்லுதேன்னு நெனைக்காத. அண்ணன் இன்னைக்கு ஸ்டாண்டுல வச்சி அந்த வண்டி மேல தலையச் சாய்ச்சி ஒறங்கிட்டு இருந்தாவ. பாக்கதுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சி."

செல்லக்கனி அவரைக்காயை நறுக்குகிற வேகம் கூடியது. சொர்ணத்தாயின் போன் டிங் என்றது.

அதற்குப் பிறகு அந்தத் தெருவே ஒரு வேலையாக அதைச் செய்தது. காலையில் பாலுக்குப் போகிறவள் ஒரு சேதி கொண்டுவந்தாள், குழாயடிக்குப் போனவள் ஒன்று கொண்டுவந்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஹாரன் தன்னால அடிக்காம்." "எண்ணெய் மாத்தும்போது 'வலிக்கா?'ன்னு கேட்டாவளாம்." "அந்தப் பேருல ஒருத்தி நாசரேத்துல உண்மையிலயே இருக்காளாம், நல்ல செவப்பாம்." கடைசியாகச் சொன்னது நல்ல சேதி, அதற்கு ஐந்தரை வரைக்கும் ஏறியது, ஒரே சமயத்தில் எட்டுப் போனுக்குச் சார்ஜ் வந்தது. செல்லக்கனியின் இரண்டு கை வளையல்களிலிருந்தும் ஒயர்கள் கிளம்பித் தரையெல்லாம் ஓட, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவளுக்குப் பேன் பார்த்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை யாரும் இப்படித் தேடி வந்ததில்லை. நெஞ்சு எரிந்தது, அந்த எரிச்சலில் தெரு வெளிச்சமாக இருந்தது. எரிகிறவள் தானென்றாலும் செல்லக்கனிக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இங்கே ஏற ஏற, அங்கே இறங்கியது. பம்புக்கு ஏழு வோல்ட்தான் போயிற்று. வேன் பாலத்தில் மட்டுமல்லாமல் சமதரையிலும் நின்றது. டீச்சர்மார்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முதல் மணி அடித்து ஓய்ந்தது. அந்த வாரக் கடைசியில் கணக்கு டீச்சர் சொன்னபடியே செய்துவிட்டாள்; எட்டுப் பேரும் வேறு வண்டிக்கு மாறினார்கள். உச்சிமாகாளி வீட்டுக்கு வந்து, துண்டை உதறி, ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடந்து, சுவரோரமாக உட்கார்ந்தான்.

"மரகதத்தை வித்துரலாம்னு இருக்கேன்" என்றான்.

செல்லக்கனிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சுற்றியிருந்த போன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக டிங் டிங் என்று சார்ஜ் நின்றதைச் சொல்லின.

"வித்துட்டு?"

"வித்துட்டு என்ன? திருப்பூர்ல நம்ம பய ஒருத்தன் பனியன் கம்பேனில இருக்கான். அங்கன போயிருவேன்."

"நான்?"

"ஒனக்கென்ன, ஊரே ஒன்கூட இருக்குல்லா" என்றான் உச்சிமாகாளி. அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி போனால் மரகதம் போவாள். மரகதம் போனால் அவனும் போவான். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எந்த ஒயரை வெட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில், வண்டியை விற்கிறதுக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஞானதிரவியம் வாசலுக்கே வந்து பின்சீட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது தெருக்கோடியில் நடந்த ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த கும்பலிலிருந்து ஒரு பெரிய அம்மா பிரிந்து, நேராக வேனைப் பார்த்து வந்தாள். கையில் ஒரு ஓலைப்பெட்டி. கண்ணாடியின் நெற்றியைப் பார்த்தாள், சிரித்தாள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த வண்டிக்காரவுக வீடு இதுதானா? நான் மரகதம்."

 செல்லக்கனியின் வளையலில் கோர்த்துவிட்டிருந்த சின்ன பல்புகள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று வெடித்தன. சொர்ணத்தாய் ஐந்து போன்களை ஒரே கையால் பிடுங்கி எடுத்துக் காப்பாற்றினாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கரண்டுக்காகக் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த மைக் செட்டு தானாக இரைந்து, 'அலோ, அலோ' என்றது. வாசலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானதிரவியம் நிதானமாகச் சொன்னார்: "பம்புல சைபரு."

முழுப் பன்னிரண்டரையும் செல்லக்கனியிடம் இருந்தது. எழுந்து நின்றாள். அவள் செய்துவைத்திருந்த மரகதத்துக்கு இடுப்பு இப்படி இல்லை. முடி இவ்வளவு நரைத்திருக்கவில்லை. மூக்கில் மட்டும் கொஞ்சம் ஒற்றுமை இருந்தது.

வந்தவள் உள்ளே வந்து ஓலைப்பெட்டியை வைத்து, "கருப்பட்டி. நம்ம பக்கத்துது" என்றாள். பிறகு, எத்தனை பிள்ளை என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்: "ஒனக்கு எவ்வளவு ஓடுது?"

 ஞானதிரவியம்தான் வெளியிலிருந்து, "பன்னெண்டரை" என்றார்.

"யாத்தாடி! எனக்கு நாலுதான் ஓடுச்சி. ஆட்டுக் கொட்டிலுக்கு ஒரு பல்பு எரியும், அவ்வளவுதான்."

"யக்கா, ஒங்களுக்குமா?"

"எங்க வீட்டுக்காரர் வாங்கியாரும்போது வண்டியில ரோஸ்லின்னுல்லா எழுதியிருந்துச்சி! ரோஸ்லின், ரோஸ்லின்னு அவுக கொஞ்சுத கொஞ்சலுல என் ஈரக்குல வெந்துட்டு. வண்டி தேருமாதிரி ஒரு எடத்துலயே நின்னுச்சி. அப்பறம் எம்பேர எழுதினாவ, ஓடுச்சி. அந்தக் கண்ணாடியச் சொரண்டித்தான் பாரேன்."

ஞானதிரவியம் பிளேடை எடுத்து 'ம'வின் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் நீலம் தெரிந்தது, நீலத்தில் 'ரோ'. அதற்கும் அடியில் மஞ்சளாக ஒரு 'ஆ' இருந்தது, எந்த ஆத்தாளோ.

"அண்ணாச்சி" என்றாள் மரகதம், "கரண்டு கால் ஊணி நிக்கதுக்கு ஒரு எடம் வேணும்னு சொல்லுவாவளே, அது என்னது?"

"அதுக்குப் பேருதான் எர்த்து."

"அதத்தான் நானும் சொல்லுதேன். பேருதான் எர்த்து."

ஞானதிரவியம் இரண்டு கண்ணாடிக்கும் மேலாக அவளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர், அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்டார்.

"பேரை மாத்தக் கூடாது!" என்று கத்தினாள் சொர்ணத்தாய். "கப்பலு வார வரைக்குமாவது கெடக்கட்டும். எம் போனு முப்பதுல நிக்கி! ஏளா செல்லக்கனி, நாங்கல்லாம் ஒனக்கு என்ன கொறை வச்சோம்?"

செல்லக்கனி அவளைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க. எம்பேர எழுத ஒங்களுக்கு என்ன தடை? ராசி கீசின்னு சொல்லாதிய. நெசத்தச் சொல்லுங்க."

உச்சிமாகாளி துண்டைத் தோளிலிருந்து எடுத்தான், திரும்பப் போட்டான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விடலாமா என்றுகூட அவன் ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

"ஸ்டாண்டுல இருக்க பயலுவளப் பத்தி ஒனக்குத் தெரியாது" என்றான் கடைசியில். "வண்டிக்கு என்ன பேரோ அதச் சொல்லித்தான் கூப்பிடுவானுவ. 'ஏல, மரகதம் சும்மா இருக்காளா? மரகதத்தை நாளைக்கு வாடகைக்கு அனுப்புதியா? மரகதம் என்னல, ஏத்தத்துல மூச்சு வாங்குதா?' இப்படித்தான் பேசுவானுவ. அந்த எடத்துல ஒம்பேர வச்சிப் பாரு. எவனாவது ஒம்பேர வாயில எடுத்துட்டு எங்கிட்ட வந்து..." அவனுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. "எவளோ ஒருத்தி பேருன்னா என்னமும் சொல்லிட்டுப் போறான், எனக்கென்னன்னு விட்டுட்டேன்."

"எவளோ ஒருத்தியா? நல்லாருக்கே!" என்றாள் மரகதம்.

 மைக் செட்டு இரைவதை நிறுத்தியது. செல்லக்கனியின் கைகளில் ஓடிக்கொண்டிருந்த சூடு விரல்நுனிக்கு வந்து, தயங்கி, அங்கிருந்து இறங்கிப்போனது. "எட்டு... பத்து... பதினொண்ணு..." என்று வாசலிலிருந்து ஞானதிரவியம் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பேர் எழுதுவதற்கு முன்னாலேயே அவ்வளவும் திரும்பிப் போய்விட்டது.

இருந்தாலும் எழுதினார்கள். மரகதமே முன்னால் நின்று, தன் பேரைப் பிளேடால் சுரண்டி எடுத்தாள். பெயிண்டரைக் கூட்டிவந்து அந்த இடத்தில் பச்சையில் 'செல்லக்கனி' என்று எழுதவைத்தாள். 'னி'யின் சுழியை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னவளும் அவள்தான். அந்த வாரமே கப்பல் எங்கேயோ கரைசேர்ந்து, டிரான்ஸ்பார்மரும் வந்து சேர்ந்தது. பழைய டீச்சர்மார்களில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும் வரவில்லை.

ஞானதிரவியம் கடைசியாக ஒருமுறை பம்பை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"அரை வோல்ட்டு கொறையுதே அண்ணாச்சி?" என்றாள் செல்லக்கனி. அவளுக்கு இப்போது எல்லாக் கணக்கும் தெரியும். "எங்கிட்ட இல்ல. நீங்க வேணா வச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். வளையலில் ஒன்றும் இல்லை, மெட்டியில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்டாண்டிலிருந்து ஒருவன் ரோட்டில் சைக்கிளை நிறுத்திக் கூவினான்: "ஏல உச்சிமாகாளி! செல்லக்கனி சாயங்காலம் சும்மாதான இருக்கா? திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போணும்ல!"

உச்சிமாகாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு. 'இருக்கா' இல்ல. இருக்கு!" என்றான்.

ஞானதிரவியம் மெல்ல எழுந்து, சிவப்பு முனையை அவன் கைக்கடிகாரத்திலும் கறுப்பு முனையை அவன் அரைஞாண் கயிற்றில் தொங்கிய வெள்ளித் தாயத்திலும் வைத்தார். இரண்டு கண்ணாடிக்குள்ளும் குனிந்து படித்தார்.

"அரை" என்றார். "விட்டுரு தாயி. ஒயருன்னு ஒண்ணு இருந்தா அரை வோல்ட்டு வழியில கழியத்தான் செய்யும். அதுக்குக் கீழ கொறைக்கணும்னு எந்த வண்டியிலயும் நாங்க மெனக்கெடுறதில்ல."

சொர்ணத்தாய் அன்றைக்குச் சாயங்காலமே, பழக்கத்தை விட முடியாமல், உச்சிமாகாளியின் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, நான் சொல்லுதேன்னு நெனைக்காதிய. செல்லக்கனியப் பாத்து மேலத்தெருக்காரன் ஒருத்தன் 'நல்ல பெயிண்டு'ன்னு சொன்னானாம்" என்று ஆரம்பித்தாள். செல்லக்கனி அவளைத் துரத்திவிட்டாள். ஆனால் உடனே துரத்தவில்லை. முழுதாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் விட்டுவைத்துத்தான் துரத்தினாள்.

இப்போது இரண்டு முழம் பிச்சியும் வீட்டுக்கு வருகிறது. அதில் அரை முழத்தை அவளே கிள்ளி வண்டிக் கண்ணாடிக்குப் போடுகிறாள். அவன் கிளம்புகிற நேரத்தில், தண்ணீர் செம்பையும் சாவியையும் கொடுத்துவிட்டு, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று அந்தப் பழைய டார்ச் பல்பை அவன் விரல்களுக்கு நடுவே வைக்கிறாள். "ஸ்டாண்டுக்குத்தான போறிய?" என்று கேட்கிறாள்.

அவன் பதில் சொல்வதற்கு முன்னால், பல்புக்குள் அந்த மயிர்க்கம்பி எறும்பின் கண் அளவுக்குச் சிவக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அவனைப் போகவிடுகிறாள்.